சுண்ணாம்பு ஆகாத செடி

கண்ணாடியைத் தட்டும் சத்தம் எப்போது நின்றது என்பதில் எனக்கு உறுதி இல்லை. மூன்றாவது தொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என்று அந்த வீட்டின் கடைசிப் பெண், சின்னவள், என்னிடம் ஒரு முறை சொன்னாள். எல்லாத் தொட்டிகளையும் முடித்துவிட்டுத் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தபோது என்று இன்னொரு முறை சொன்னாள். கேட்டுக் கேட்டு எனக்கு இப்போது இரண்டும் நடந்தது போலவே இருக்கிறது. இனி சொல்லப்போவதிலும் சில இடங்களில் முன்பின் இருக்கலாம்.

அவள் பால்கனியில் குனிந்து நின்று அசேலியா என்ற பூச்செடியின் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் போன்சாய் மரங்கள். எதுவும் முழங்கை உயரத்தைத் தாண்டாது. ஆனால் அடிமரம் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். ஆழமில்லாத தொட்டிகளில், பாசி மூடிய மண்ணில், வயதான மரங்கள் குட்டையாக நின்றன. இலையின் மேல்பக்கம் தூசி படிந்தாற்போல வெளிறியிருந்தால் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் தார் தெறித்ததுபோலக் கருப்புப் பொட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் சல்லடைத் துணியை வெட்டி இறக்கையாக ஒட்டிக்கொண்டதுபோல ஒரு பூச்சி அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். சாற்றை உறிஞ்சி உறிஞ்சியே மரத்தை வெளுக்க வைத்துவிடும். சோப்புத் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். மேலே அடித்துப் பயனில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து உதறிப் பார்க்க வேண்டும். தாளில் விழுந்த தூசி நகர ஆரம்பித்தால் அது தூசி இல்லை, சிலந்திப்பேன்.

அவள் இதையெல்லாம் விரும்பிக் கற்றுக்கொண்டவள் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, அவருடைய கைக்குப் பதிலாக அவள் கை வேலை செய்தது. அவ்வளவுதான். குளிர்காற்று பட்டால் அவருக்கு இருமல் நிற்காது. அதனால் பால்கனியின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, அதை ஒட்டி உள்ளே அவருடைய சக்கர நாற்காலியை நிறுத்துவாள். அவர் இடது கையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி, அடுத்தது. விடாமல் தட்டினால், எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று அர்த்தம். எது என்று சொல்ல அவரால் முடியாது. அவள் ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். சரியான கிளையைத் தொடும்வரை தட்டு நிற்காது.

அன்று காலை தட்டு நின்றது. அவள் உடனே திரும்பவில்லை. அந்த அமைதி அவளுக்கு நன்றாக இருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு மாடியில் போர்வை உதறினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போகட்டும் என்று அவள் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பியபோது அப்பாவின் நெற்றி கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் மூச்சுப் பட்டு ஒரு வட்டம் மங்கியிருக்கும். கண்ணாடி தெளிவாக இருந்தது.

அவள் கையிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

*

அக்காவுக்கு முதலில் போன் செய்தாள். அக்கா, "பக்கத்துல இருந்தியா?" என்று கேட்டாள்.

"இருந்தேங்க்கா."

"ஏதாவது சொன்னாரா?"

அவர் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதை அக்கா மறந்துவிட்டாள். "இல்லக்கா," என்றாள் சின்னவள். "அமைதியாத்தான் போனார்."

அண்ணன் போனை எடுத்ததும், "குட்டி, நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் பேசட்டுமா?" என்றான். அவள், "ஓரமா நிறுத்து அண்ணா," என்றாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

குட்டி என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். முன்தலை நரைத்த பிறகும் அது போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்கட்டில் அவளுக்கு வேலை. வட்டமான லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்துப் பொருத்துவது. அப்பா படுத்த பிறகு அதையும் அரைநாளாகக் குறைத்துக்கொண்டாள். கடை முதலாளி வேறொரு நகரத்தில் கிளை திறக்கப்போகிறார். அங்கே பட்டறையை முழுசாக அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். "பார்க்கலாம் சார்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எதைப் பார்ப்பது? அப்பாவை விட்டுப் போக முடியாது. அப்பாவை யாராவது ஒருநாள் பார்த்துக்கொண்டாலும் அசேலியாவை விட்டுப் போக முடியாது. அதன் வேர் தலைமுடியைவிட மெலிசு. மேல்மண்ணிலேயே படர்ந்து கிடக்கும். தட்டுத் தொட்டியில் ஒரு வெயில் நாள் காய்ந்தால் போதும், கதை முடிந்தது. அக்கா மகளின் கல்யாணத்துக்குக்கூட அவள் காலையில் போய் மாலையில் திரும்பினாள். சாப்பாட்டுப் பந்தியில், "ஏண்டி, உன் செடிங்க அழுதுட்டு இருக்குமா?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தச் செடிக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. சுண்ணாம்பு ஆகாது. மண் புளிப்பாகவே இருக்க வேண்டும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் குழாய்த் தண்ணீரைக்கூட அப்பா ஊற்ற விடமாட்டார். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருப்பார். அம்மா இருந்தபோது ஒருநாள், பாவம், நல்லது என்று நினைத்து அடுப்புச் சாம்பலை அள்ளி ஒரு தொட்டியில் போட்டுவிட்டாள். "சாம்பலும் சுண்ணாம்பும் ஒண்ணுதான், அறிவு வேண்டாமா?" என்று அப்பா அன்று போட்ட கூச்சலில் அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அந்த மரத்தில் முதலில் இளம் இலைகள் மஞ்சளாயின, நரம்பு மட்டும் பச்சையாக. பார்க்க வலை போட்டது போல இருந்தது. அப்புறம் நுனி கருகியது. பூக்கும் காலம் வருவதற்குள் அது விறகு. அக்கா அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த அண்ணனுக்கு எது என்ன என்று தெரிந்திருக்காது. சின்னவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

*

அப்பா வேலை செய்தது லிஃப்ட் மெக்கானிக்காக. அவர் பராமரித்த லிஃப்ட்டுகளில் இந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டும் ஒன்று. மதியம் அவரைக் கீழே கொண்டுபோக வேண்டிய நேரத்தில், ஸ்ட்ரெச்சர் அதற்குள் நுழையவில்லை.

"கொஞ்சம் செங்குத்தா நிமித்திட்டா போயிடும்," என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"நிமித்தறதா?" என்றான் அண்ணன். "அவரை நிக்க வைக்கப்போறீங்களா?"

"பெல்ட் போட்டிருக்கு சார். விழ மாட்டார்."

"வேண்டாம். படியிலயே இறக்கலாம்."

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கிரீஸ் என்று பெயர்; வீட்டிலும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது, கிரீஸ் மாமா. வயதானவர் என்று பார்க்காமல் அவர் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கினார். ஒரு திருப்பத்தில், "ஊரையே ஏத்தி இறக்கின மனுஷன். தனக்குன்னு வரும்போது படிக்கட்டு," என்றார். அண்ணன் சிரித்தான். சிரிக்க ஆரம்பித்தது அழுகையாகி, ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

சின்னவள் பின்னால் நின்று அப்பாவின் கால்மாட்டைப் பிடித்திருந்தாள். போர்வை விலகியிருந்தது. நகம் வெட்ட வேண்டியிருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

மின்மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நர்சரி நடத்தும் அம்மாளும் ஒருத்தர். அசேலியாவுக்கான மண்ணை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறவர் அவர்தான். காபி குடித்துவிட்டு எழுந்தவர், சமையலறை வாசலில் சின்னவளின் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மனசைத் தேத்திக்கோம்மா. நாம பேசினோமே, அது உனக்கு எப்போ சௌகரியமோ அப்போ. நிழல்கூடத்துல இடம் ஒதுக்கி வச்சிருக்கேன். வண்டி எப்போ அனுப்பட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்றேம்மா."

"பூ முடிஞ்சதும் எடுத்தா நல்லது. மொட்டு கட்டினப்புறம் அலைக்கழிச்சா உதுத்துடும், உனக்குத் தெரியாததில்ல."

அக்கா உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிய சத்தம் கேட்டது. நர்சரி அம்மாள் போன பிறகுதான் வெளியே வந்தாள்.

"என்ன வண்டி?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா வண்டி அனுப்புவாங்க?"

சின்னவள் பால்கனிப் பக்கம் பார்த்தாள்.

"செடிங்களையா?" என்றாள் அக்கா. "அப்பா உசிரோட இருக்கும்போதே பேசி வச்சுட்டியா?"

"என்னால எவ்வளவு நாள் முடியும்னு தெரியலை. அதான் கேட்டு வச்சேன்."

"அவர் அந்தப் பக்கம் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கார். நீ இந்தப் பக்கம் இருந்து அதுங்களுக்கு இடம் பார்த்திருக்கே."

அண்ணன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "விடுக்கா. இன்னைக்கு வேண்டாம்."

"நீ சும்மா இரு. உனக்கென்ன, நீ ஒரு கள்ளிச்செடியையே கொன்னவன்."

"அது தற்கொலை," என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் வந்து பார்க்கலைதான். ஒத்துக்கிறேன். நீ எல்லாம் செஞ்சே. ஆனா எனக்கு வந்து நிக்க ஒரு இடம் வேணும்டி. இந்த வீட்டுல அவர்னு சொல்ல அது ஒண்ணுதானே இருக்கு. அதையும் யாரோ ஒருத்தர் கொட்டகைக்கு அனுப்பிட்டா நான் எங்க வருவேன்?"

கிளைக் கடையைப் பற்றிச் சொல்லலாம் என்று சின்னவள் வாயெடுத்தாள். அப்பா போன அன்றே வேலையைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஆகிவிடும். அவள் டம்ளர்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

*

மறுநாள் அண்ணன் சாம்பலை வாங்கிக்கொண்டு வந்தான். மூடி போட்ட சாம்பல் நிறப் பெட்டி. சாப்பாட்டு மேஜையில் ரொட்டிப் பொட்டலத்தை நகர்த்திவிட்டு வைத்தான். "கனமா இருக்கு," என்றான். மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் எப்போதும் யாரும் உட்கார்ந்ததில்லை, அது கூடுதல் நாற்காலி. ஆனாலும் அன்றைக்கு மூவருமே அதைப் பார்த்தார்கள்.

"எங்க கொண்டுபோய்க் கரைக்கிறது?" என்றான் அண்ணன்.

"கடல் தூரம்," என்றாள் அக்கா. "அவருக்குத் தண்ணின்னாலே ஆகாது. குளிக்கவே சண்டை போடுவார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நான் யோசிச்சேன். செடியிலயே போட்டுடலாம்."

"எந்தச் செடியில?"

"அவர் செடியில. பக்கத்து ஃப்ளாட் அம்மாகூடச் சொன்னாங்க, அவங்க நாத்தனார் வீட்டுல ஒரு ரோஜாவுக்கு அடியில போட்டாங்களாம். எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருப்பார். அவர் கையால வளத்தது. அதுலயே பூவா வருவார்."

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு கேக்க. செடிக்கு ஒண்ணும் ஆகாதா?"

"சாம்பல் உரம்தானேடா. ஊர் உலகத்துல எல்லாரும் போடுறாங்க."

"குட்டியைக் கேப்போம். அவதானே செடி டாக்டர்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

மேஜையில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தன. சின்னவள் அவற்றை விரல் நுனியில் ஒற்றி ஒற்றி ஓரிடத்தில் சேர்த்தாள். ஆகாது என்று சொன்னால், பெட்டி வேறெங்காவது போகும். மரங்கள் இருக்கும். அக்கா வண்டியை வாசலில் நிற்க விடமாட்டாள். நாளைக் காலை மழைத் தண்ணீர், மாலையில் இலையின் அடிப்பக்கம், சோப்பு, வெள்ளைத் தாள். அடுத்த வருஷமும் அதேதான். அசேலியா லேசில் சாகாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அவளைவிட நீளமாக வாழும்.

சரி என்று சொன்னால், எல்லாம் தானாக நடக்கும். சில வாரங்களில் இலை மஞ்சளாகும், நரம்பு பச்சையாக நிற்கும். நுனி கருகும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். அப்பா போன ஏக்கத்தில் செடியும் போய்விட்டது என்பார்கள். அக்காவே சொல்லுவாள், அழுதுகொண்டே, நாலு பேரிடம், அது ஒரு அதிசயம் என்பதுபோல.

"என்னடி, யோசிக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

"போடலாமா?"

"போடலாம்," என்றாள் சின்னவள். பிறகு, கேட்காமலே, "நல்லதுதான்," என்றாள்.

பால்கனியில் மூவர் நிற்க இடம் போதாது. அண்ணன் கதவுப் படியிலேயே நின்றுகொண்டான். அக்கா தரையில் மண்டியிட்டாள். மூட்டு வலிக்காரி, உட்கார ஒரு கையைச் சின்னவளின் முட்டியில் ஊன்றிக்கொண்டாள். மண் அள்ளும் தகரக் கரண்டியால் பெட்டியிலிருந்து எடுத்தாள். அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள் போல. அது நறநறவென்று, வெளுத்த குருமணல் மாதிரி இருந்தது. அக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு பாசியை ஓரமாகத் தூக்கி, அதற்கு அடியில் சாம்பலைத் தூவி, பாசியைத் திரும்ப மூடி விரலால் அமுக்கினாள். தூங்கும் குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்வது போல இருந்தது. ஒவ்வொரு தொட்டியாகப் போனாள்.

"எவ்வளவுன்னு சொல்லு," என்றாள்.

"உன் இஷ்டம்க்கா."

"இது எந்த மரம்? அவருக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

சின்னவள் ஒன்றைக் காட்டினாள். கீழ்க்கிளை மட்டும் விசிறிபோல விரிந்தது. மற்ற மரங்களில் உச்சிதான் திமிறிக்கொண்டு வளரும். அசேலியாவில் அடிக்கிளைதான் பலசாலி. கீழே தாராளமாக வெட்ட வேண்டும், மேலே பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். இந்த ஒரு மரத்தில் மட்டும் அப்பா அந்தக் கீழ்க்கிளையை வெட்ட விட்டதில்லை. கத்தரியைக் கிட்டே கொண்டுபோனாலே கண்ணாடியில் தட்டு விழும். அக்கா மிச்சம் இருந்த முழுவதையும் அதில் போட்டாள்.

அண்ணன் சமையலறைக்குப் போய்க் குழாயில் ஜக்கு நிறையத் தண்ணீர் பிடித்து வந்தான். மழைநீர் டிரம் அவன் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது. சின்னவள் அதைச் சொல்லவில்லை. அவன் ஒவ்வொரு தொட்டியிலும் பொறுமையாக, கையை ஆட்டாமல் ஊற்றினான். வெள்ளைத் துகள்கள் மிதந்து ஓரத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு உள்ளே இறங்கின.

"எப்படி இழுத்துக்குது பாரு," என்றாள் அக்கா. அவள் முகம் நேற்றிலிருந்து முதல் முறையாகத் தளர்ந்திருந்தது.

மதியம் இருவரும் கிளம்பினார்கள். லிஃப்ட் வருவதற்காக நிற்கும்போது அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். "நேத்து ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே. வாரம் ஒரு தடவை வீடியோல காட்டு, போதும். நீயும் எங்கயும் அலையாம இங்கயே அவரோட இருந்துக்கோ."

"சரிக்கா."

"ஒழுங்கா சாப்பிடு குட்டி," என்றான் அண்ணன். லிஃப்ட்டின் கதவு மூடியது.

*

வீட்டில் யாரும் இல்லாமல் அவள் இருந்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. சக்கர நாற்காலியை மடித்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினாள். பிறகு கடை முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் துக்கம் விசாரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "சார், அந்தக் கிளைக்கு நான் வர்றேன்," என்றாள்.

"நெஜமாவாம்மா? அவசரமில்ல, நிதானமா யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன் சார். ஒரு ரெண்டு மாசம் டைம் குடுங்க."

"தாராளமா. ஆமா, உங்க செடியெல்லாம் என்ன பண்ணுவீங்க? முன்னே அதைச் சொல்லித்தானே தட்டிக் கழிச்சீங்க."

"அது தானா முடிஞ்சுடும் சார்," என்றாள்.

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் அறையில் இருந்தது. அவள் எழுந்து ரொட்டியை மூடி வைத்தாள். டம்ளர்களை அடுக்கினாள். பால்கனிக் கதவைச் சாத்தலாம் என்று போனவள் வெளியே நின்றுவிட்டாள்.

கீழ்க்கிளை விரிந்த மரத்தில் ஒரு இலை வெளிறியிருந்தது. அவள் அதைத் திருப்பினாள். கருப்புப் பொட்டுகள். நேற்றுக் காலை பாதியில் விட்ட இடம் அதுதான். பூச்சியைக் கட்டைவிரலால் நசுக்கினாள். அடுத்த இலையைத் திருப்பினாள். அதிலும் இருந்தது. அதையும் நசுக்கினாள். அடுத்தது. நாலைந்து கிளை முடிந்த பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. விரலில் பச்சையாக ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாசிக்கு அடியில் வெள்ளைத் துகள்கள் தெரிந்தன. வெயில் எதிர்வீட்டுச் சுவரில் இருந்தது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது.

அவள் உள்ளே போய் வாளியை எடுத்து வந்தாள். தரை துடைக்கிற வாளி. டிரம்மிலிருந்து மழைத் தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினாள். மரத்தைத் தொட்டியோடு பிணைத்திருந்த கம்பியை அடியில் வெட்டினாள். ஒரு கையால் அடிமரத்தைப் பிடித்து, மறு கையால் தொட்டியை அசைத்து அசைத்து உருவினாள். தொட்டியின் அச்சில் வேர் ஒரே பாளமாக வந்தது. அதை வாளியில் இறக்கி, விரலால் கோதிக் கோதி மண்ணை உதிர்த்தாள். கோதக்கூட வேண்டாம், நீரில் ஆட்டினாலே போதும் என்பதுபோல மெலிந்த வேர்கள். கூந்தலில் சிக்கு எடுப்பது போல ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே போனாள். தண்ணீர் கலங்கியது, பழுப்பானது, பிறகு சாம்பல் நிறமானது.

கழுவிய மரத்தை ஈரத் துணியில் சுற்றிவிட்டு, அடுத்த தொட்டிக்குப் போனாள். இது வேரைக் கழுவுகிற காலம் இல்லை. சில மரம் தாங்கும், சில தாங்காது. அவள் வேகமாகச் செய்யவில்லை, நிறுத்தவும் இல்லை. நர்சரி அம்மாள் கொண்டுவந்து போட்ட மண் மூட்டை பிரிக்காமல் இருந்தது. அதைப் பிரித்தாள். கடைசி மரத்தைப் புது மண்ணில் உட்கார வைத்து, கம்பியால் பிணைத்து, மழைத் தண்ணீர் ஊற்றி முடித்தபோது இடுப்பு நிமிரவில்லை. எதிர்வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

எல்லாத் தொட்டியின் கழுவல் நீரையும் அவள் அந்த ஒரே வாளியில்தான் சேர்த்திருந்தாள். மேலாக மிதந்த சருகையும் பாசியையும் எடுத்துப் போட்டாள். அடியில் மண்ணோடு மண்ணாக வெள்ளைத் துகள்கள் படிந்துகொண்டிருந்தன.

வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறை வரைக்கும் போனாள். சாய்க்கப்போனாள். தரையில் இருந்த வடிகால் துளையையும் அதன் மேல் ஒட்டியிருந்த முடிக்கற்றையையும் பார்த்தாள். சாய்க்காமல் திரும்பி வந்தாள். சமையலறைத் தொட்டி. அங்கேயும் முடியவில்லை. செடியில் ஊற்ற முடியாது. கீழே தெருவில் ஒரு மரம் இருக்கிறது. அதன் அடியில் எப்போதும் வண்டிகளை நிறுத்தியிருப்பார்கள், நாய்கள் காலைத் தூக்கும். வாளியின் கைப்பிடி விரலை அறுத்தது. வீட்டுக்குள் ஒரு முறை சுற்றி வந்து, அதைப் பால்கனியிலேயே டிரம்முக்குப் பின்னால் இறக்கி வைத்தாள். ஒரு தட்டை எடுத்து மூடினாள்.

அப்புறம் முதலாளிக்கு மறுபடி போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

*

கிளைக் கடைக்கு வேறொரு பையன் போனான். நன்றாகச் செய்கிறான் என்று முதலாளி சொல்லுகிறார். சின்னவள் பழைய கடையின் பின்கட்டில்தான் இருக்கிறாள், அரைநாள். நர்சரி அம்மாள் நிழல்கூடத்தில் ஒதுக்கி வைத்த இடத்தில் வேறு யாருடைய மரங்களோ இருக்கின்றன. மண் மூட்டை மட்டும் இன்னும் வருகிறது. கிரீஸ் மாமா அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டார். அண்ணனுக்கு இன்னும் தூரமான ஊருக்கு மாற்றலாகி, போனில் மட்டும் வருகிறான். வேர் கழுவியதைத் தாங்காமல் ஒரு மரம் செத்தது, மிகச் சின்னது. பூச்சி என்று அக்காவிடம் சொன்னாள். மற்றவை இருக்கின்றன. பூக்கும் காலத்தில் அக்கா தவறாமல் வருகிறாள். கதவைத் திறந்துகொண்டு நேராகப் பால்கனிக்குப் போய், கீழ்க்கிளை விரிந்த மரத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, பேத்தியைப் பற்றியும் தன் மூட்டு வலியைப் பற்றியும் அப்பாவிடம் வெகுநேரம் பேசுகிறாள். சின்னவள் உள்ளே காபி போட்டுக்கொண்டிருப்பாள். வாளி டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெயில் நாட்களில் அதில் தண்ணீர் வற்றுகிறது. அவள் மழைத் தண்ணீர் ஊற்றி அளவாக வைத்திருக்கிறாள். தரை துடைப்பதற்கு வேறு வாளி வாங்கிக்கொண்டாள்.